வியட்நாம் காலத்து ராக் பாட்டுகள் இன்னும் ஏன் உலுக்குகின்றன?

கேள்வி இதுதான்: வியட்நாம் போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தப் போரில் நமக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. ஆங்கில வரிகளில் பாதி காதில் பிடிபடுவதே இல்லை. ஆனாலும் அந்தக் காலத்து ராக் பாட்டு ஒன்று ஓடினால் மயிர்க்கூச்செறிகிறது. இது பாட்டின் சக்தியா, இல்லை ஹெலிகாப்டர் காட்சிக்கெல்லாம் இதே பாட்டுகளைப் போட்டுப் போட்டு ஹாலிவுட் நம்மைப் பழக்கிவிட்டதா?

சினிமாவுக்குப் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சினிமாக்காரர்கள் அந்த ஏழெட்டுப் பாட்டுகளையே ஏன் திரும்பத் திரும்ப எடுத்தார்கள் என்று கேட்டால், கேள்வி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும். 1965-இலிருந்து 1975 வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வந்த போர் எதிர்ப்புப் பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அன்பு, அமைதி, மனிதகுலம் என்று பொதுவாகப் பாடியவற்றில் பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை. ஜான் லெனனின் 'இமேஜின்' மாதிரி விதிவிலக்கு உண்டு. அது பெரிய பாட்டுதான், ஆனால் எனக்கு அதில் யார் மேலும் கோபம் வருவதில்லை.

நின்று பிடித்த பாட்டுகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவை போரைப் பற்றி ரொம்பக் கொஞ்சமாகத்தான் பேசுகின்றன. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு வயிற்றெரிச்சல், அவ்வளவுதான் வரிகளில் இருக்கும். மீதியைச் சத்தம் பார்த்துக்கொள்கிறது. வரி புரியாமலே நமக்குச் சிலிர்ப்பதற்கும் அதுதான் காரணம் என்பது என் கட்சி.

முதலில் 'ஃபார்ச்சுனேட் சன்'. க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு 1969-இல் வெளியிட்டது, ஜான் ஃபோகர்ட்டி எழுதியது. இரண்டேகால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். வியட்நாம் என்ற பெயரே பாட்டில் கிடையாது. இது புரிய அன்றைய அமெரிக்காவின் கட்டாய ராணுவச் சேவை எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். பதினெட்டு வயது ஆன பையன் ஒவ்வொருவனும் பெயர் பதிய வேண்டும், உள்ளூர் வாரியம் கூப்பிடும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் தள்ளிவைக்கலாம். குடும்ப டாக்டர் ஒரு நோய்க்குச் சான்றிதழ் கொடுத்தால் தப்பிக்கலாம். செல்வாக்கு இருந்தால் உள்நாட்டிலேயே இருக்கும்படி ஒரு படைப்பிரிவில் இடம் பிடிக்கலாம். இது எதுவும் இல்லாதவன் காட்டுக்குப் போவான். ஃபோகர்ட்டிக்கும் 1966-இல் அழைப்பு வந்தது. அவர் ராணுவத்தின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்து உள்ளூரிலேயே காலத்தை ஓட்டியவர். சீருடை போட்ட அனுபவம் உண்டு.

1968 டிசம்பரில், அதிபராகத் தேர்வாகியிருந்த நிக்சனின் மகள் ஜூலிக்கும், முன்னாள் அதிபர் ஐசனோவரின் பேரன் டேவிட்டுக்கும் கல்யாணம் நடந்தது. இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் யாரும் போருக்குப் போகப்போவதில்லை என்ற எண்ணம்தான் பாட்டுக்கு விதை என்று ஃபோகர்ட்டி பல தடவை சொல்லியிருக்கிறார். (நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: டேவிட் ஐசனோவர் பின்னால் கடற்படையில் மூன்று வருஷம் வேலை பார்த்தார்.) பாட்டில் வருவது யார்? கொடி பிடிக்கவே பிறந்தவர்கள், வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவர்கள், செனட்டரின் மகன். அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாகச் சொல்லிவிட்டு, தொண்டை கிழிய ஒரே பதில்: அது நான் இல்லை. போர் தப்பு என்று ஒரு வாதம்கூட வைக்கவில்லை. ஏன் நான் மட்டும் என்கிற கேள்விதான் பாட்டு முழுக்க.

இந்த வயிற்றெரிச்சல் எந்த ஊரிலும் புரியும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பின்கதவு வழியாக ஒருவர் மூட்டையோடு போவதைப் பார்த்தவருக்கு ஃபோகர்ட்டியின் குரலுக்கு அகராதி வேண்டாம்.

பாட்டு வந்து சில வாரங்களில், 1969 டிசம்பர் 1-ஆம் தேதி, யார் போவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 366 நீலக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு கண்ணாடி ஜாடி. தொலைக்காட்சியில் நேரலை. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த பையன்கள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுகளில் 'ஃபார்ச்சுனேட் சன்'னும் ஒன்று. அந்தக் குரலில் இருக்கிற அவசரம் எங்கிருந்து வந்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது 'ஒஹையோ'. இது உருவான விதத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு செய்தி இவ்வளவு வேகத்தில் பாட்டான இன்னொரு உதாரணம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

1970 ஏப்ரல் 30-ஆம் தேதி இரவு நிக்சன் தொலைக்காட்சியில் வந்து, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள்ளும் நுழைகின்றன என்று அறிவித்தார். போரைக் குறைப்பேன் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர். கல்லூரி வளாகங்கள் கொதித்தன. ஒஹையோ மாநிலத்தில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் தேசியக் காவல் படையை அனுப்பினார்கள். மே 4, திங்கள்கிழமை மத்தியானம், அந்தப் படையினர் மாணவர்களைப் பார்த்துச் சுட்டார்கள். 13 வினாடி, 67 குண்டு, நான்கு மாணவர்கள் சாவு, ஒன்பது பேருக்குக் காயம். செத்த நான்கு பேரில் இரண்டு பேர் ஆர்ப்பாட்டத்திலேயே இல்லை, வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். ஒரு உடலின் பக்கத்தில் ஒரு சிறுமி மண்டியிட்டுக் கை விரித்துக் கதறும் புகைப்படம் உலகம் முழுக்க வந்தது.

நீல் யங் 'லைஃப்' பத்திரிகையில் அந்தப் படங்களைப் பார்த்தார். உட்கார்ந்து எழுதினார். மே 21-ஆம் தேதி கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் நான்கு பேரும் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோவில், எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிப் பதிவு செய்தார்கள். ஜூனில் இசைத்தட்டு கடைக்கு வந்துவிட்டது. அவர்களுடைய இன்னொரு பாட்டு அப்போதுதான் தரவரிசையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இதை இப்போது விட்டால் அது அடிபடும் என்று தெரிந்தேதான் விட்டார்கள்.

கேட்டுப் பாருங்கள். யங் தன் கிட்டாரின் மேல் தந்தி, கீழ்த் தந்தி இரண்டையும் ஒரு சுரம் இறக்கி வைத்திருக்கிறார். அதனால் அந்த ஆரம்ப வாசிப்பு தரையோடு இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி கனமாக வருகிறது. தாளம் அணிவகுப்புத் தாளம், ஆனால் கொஞ்சம் தளர்ந்து. வரிகள் மொத்தமே பத்துதான் தேறும், அதையே திரும்பப் பாடுகிறார்கள். தகர வீரர்களும் நிக்சனும் வருகிறார்கள் என்று முதல் வரியிலேயே பதவியில் இருக்கிற அதிபரின் பெயர். அப்புறம் நடுவில் ஒரு திருப்பம். பாட்டு சட்டென்று கேட்பவர் பக்கம் திரும்பி, அவள் உனக்குத் தெரிந்தவளாக இருந்து, தரையில் செத்துக் கிடப்பதை நீ பார்த்திருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறது. செத்தவர் எண்ணிக்கை நான்கு என்பது மட்டும்தான் பாட்டில் இருக்கிற தகவல். அந்த எண்ணிக்கையைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டே போகிறார்கள். முடிவில் சத்தம் மங்கும்போது டேவிட் கிராஸ்பி ஏன், இன்னும் எத்தனை பேர் என்று கத்துவது கேட்கும். அது ஒத்திகை பார்த்துச் செய்ததில்லை. அந்தப் பதிவு முடிந்ததும் கிராஸ்பி அழுதுவிட்டார் என்று யங் பின்னால் எழுதினார். முழுச் சத்தத்தில் கேட்டால் அந்தக் குரல் உடைகிற இடம் தெரியும்.

இந்தப் பாட்டு ஏதாவது சாதித்ததா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பல ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 58 சதவீத அமெரிக்கர்கள் மாணவர்கள் மேல்தான் தப்பு என்றார்கள். காவல் படை மேல் தப்பு என்றவர்கள் 11 சதவீதம். பாட்டில் பெயர் சொல்லித் திட்டப்பட்ட நிக்சன் 1972 தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ வாரிக்கொண்டு போனார். போர் 1975 வரை நடந்தது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: அந்தப் போர்க் காலத்தின் மிகப் பெரிய ஹிட் பாட்டுகளில் ஒன்று போரை ஆதரித்த பாட்டு. ராணுவச் சார்ஜென்ட் பேரி சாட்லர் பாடிய சிறப்புப் படையினரின் புகழ்பாட்டு 1966-இல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. எல்லோரும் நீள முடி வளர்த்து ஒரே குரலில் போரை எதிர்த்துப் பாடினார்கள் என்பது பிற்காலத்துப் படங்கள் கட்டிய கதை. இந்தப் பாட்டுகள் தோற்றுக்கொண்டிருந்தவர்களின் பாட்டுகள். அந்தப் பதற்றம் பதிவிலேயே இருக்கிறது. ஜெயித்த பிறகு பாடியிருந்தால் அது வராது.

வரியே இல்லாமல் சத்தம் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு ஜிமி ஹென்ட்ரிக்ஸ். உட்ஸ்டாக் இசை விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை அவர் கிட்டாரில் வாசித்தது எல்லோருக்கும் தெரியும். 1969 ஆகஸ்ட் 18, திங்கள்கிழமை காலை, கூட்டத்தில் பெரும்பாலோர் ஊருக்குக் கிளம்பிவிட்ட நேரம். கீதத்தில் குண்டுகள் வெடிக்கிற வரி வரும் இடத்தில் கிட்டாரில் குண்டு விழுகிறது, விமானம் இறங்குகிறது. நடுவில் ராணுவ அடக்கத்தில் ஊதுகிற எக்காள மெட்டு ஒன்றையும் சேர்த்துவிடுகிறார். அதைத் தெரிந்து வாசிக்கத் தகுதி உள்ளவர். 1961-இல் ராணுவத்தில் சேர்ந்து, 101-ஆவது வான்குடைப் பிரிவில் பாராசூட்டில் குதித்தவர்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது 'மெஷின் கன்'. 1970 ஜனவரி 1, நியூயார்க், ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம். பேஸ் வாசிப்பவர் பில்லி காக்ஸ், ஹென்ட்ரிக்ஸின் ராணுவத் தோழர், இருவரும் பழகியதே முகாமில்தான். டிரம்ஸ் பட்டி மைல்ஸ். ஆரம்பத்தில் ஹென்ட்ரிக்ஸ் மெதுவான குரலில், சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் சண்டை போடும் சிப்பாய்களுக்கு இந்தப் பாட்டு என்கிறார். அப்புறம் நினைவு வந்தவர் மாதிரி, ஆமாம், வியட்நாமில் சண்டை போடுகிறவர்களுக்கும் என்கிறார். உள்ளூரில் கறுப்பினப் பகுதிகளின் தெருக்களில் நடப்பதும் போர்தான் என்பதை அரை நிமிஷத்தில் சொல்லியாகிவிட்டது.

மைல்ஸின் சின்ன டிரம் டட்-டட்-டட் என்று விட்டுவிட்டுச் சுடுகிறது. கிட்டாரும் அதோடு சேர்ந்து சுடுகிறது. பாட்டில் பேசுகிறவன் சுடுகிறவன் இல்லை, சுடப்படுகிறவன். ஒரு கெட்ட மனிதன் என்னை வைத்து உன்னைக் கொல்கிறான், உன்னை வைத்து என்னைக் கொல்கிறான் என்கிறான். கோடாரியை எடுத்து விவசாயி மாதிரி எதிர்த்து நிற்கிறேன், உன் குண்டு என்னைச் சாய்த்துவிடுகிறது என்கிறான். அமெரிக்க நகரத்துக் கறுப்பு இளைஞனா, வியட்நாம் வயல்காரனா? இரண்டும் பொருந்தும். சுமார் நாலாவது நிமிஷத்தில் தனி வாசிப்பு தொடங்குகிறது, ஒரே ஒரு சுரம். விடாமல் பிடிக்கிறார். தந்தியும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றையொன்று தூண்டி அந்தச் சுரம் தானாகவே வளர்கிறது, காலில் மிதிக்கிற கருவி அதைச் சுழற்றுகிறது. அது கூப்பாடா, விழுகிற குண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மொத்தம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல். பாதியில் நிறுத்த எனக்கு ஒருபோதும் மனசு வந்ததில்லை.

ஹென்ட்ரிக்ஸ் இறந்தது 1970 செப்டம்பர் 18. அதே நாளில் இங்கிலாந்தில் பிளாக் சபாத் குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளியானது. அதன் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. ஆல்பத்துக்கே அந்தப் பெயர்தான் வைப்பதாக இருந்தது, கடைசியில் மாறிவிட்டது.

இந்தப் பாட்டு என் கணக்குக்கு இடிக்கும். இதில் தனி ஆள் இல்லை. தளபதிகள் மந்திரவாதிகள் மாதிரிக் கூடுகிறார்கள், ஏழைகளைச் சண்டைக்கு அனுப்புகிறார்கள், கடைசியில் தீர்ப்பு நாளில் மண்டியிட்டு ஊர்கிறார்கள். கவிதையாகப் பார்த்தால் சுமார்தான். முதல் இரண்டு வரிகளில் ஒரே சொல்லை அதே சொல்லுக்கு எதுகையாக வைத்திருப்பதைப் பற்றி ரசிகர்கள் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். ஆனால் ஆரம்பத்தில் ஊதும் அந்த விமானத் தாக்குதல் சங்கைக் கேளுங்கள். நான்கு பேரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதித் தொழிலாளர் வீட்டுப் பையன்கள், 1948, 49-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். ஜெர்மனி குண்டு போட்டு இடித்த கட்டடங்களின் இடிபாடுகள்தான் அவர்களுக்கு விளையாட்டு மைதானம். கிட்டார்காரர் டோனி அயோமிக்குத் தகரப் பட்டறை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனி போனது, பிளாஸ்டிக் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். ஆக, இதிலும் ஒரு இடம் இருக்கிறது. அது வரியில் இல்லை, சத்தத்தில் இருக்கிறது. நடுவே எல்லா வாத்தியமும் நின்று, டிரம்ஸின் சின்னத் தட்டு மட்டும் டிக் டிக் என்று ஓட, ஆசி ஆஸ்பர்ன் தனியாகப் பாடுவார். இரண்டு அடி விழும், மறுபடி தனிக்குரல். அந்த இடைவெளிகளில் கூட்டம் சேர்ந்து பாடுவதற்காகவே செய்த மாதிரி இருக்கும். 2025 ஜூலை 5-ஆம் தேதி அதே ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் நடந்த கடைசிக் கச்சேரியில் பிளாக் சபாத் முதலில் எடுத்தது இந்தப் பாட்டுதான். நிற்க முடியாத ஆசி சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார், மைதானமே வரிக்கு வரி பாடியது. பதினேழு நாள் கழித்து அவர் காலமானார்.

சரி, சிப்பாய்கள் எதைக் கேட்டார்கள்? அவர்களைக் கேட்காமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. வியட்நாம் போன அமெரிக்க வீரர்கள் பலர் தங்கள் பாட்டு என்று சொல்வது 'வீ காட்டா கெட் அவுட் ஆஃப் திஸ் பிளேஸ்'. 1965, இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு. இந்த இடத்தை விட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்பதுதான் பல்லவி. இதை எழுதிய பேரி மானும் சிந்தியா வைலும் போரை நினைத்து எழுதவே இல்லை. புகை படிந்த ஒரு ஏழைப் பகுதியிலிருந்து காதலியைக் கூட்டிக்கொண்டு தப்ப நினைக்கும் ஒருவனின் பாட்டு. முகாம்களில் கச்சேரி செய்ய வந்த பிலிப்பைன்ஸ் குழுக்கள் இதை வாசித்தால் சிப்பாய்கள் மொத்தமும் எழுந்து கத்திப் பாடுவார்களாம். எழுதியவர் நினைக்காததைக் கேட்பவர்கள் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும், நம் பக்கம் அதிகம் பேர் கேட்டிருக்கமாட்டார்கள். ரெட்கம் குழுவின் 'ஐ வாஸ் ஒன்லி நைன்டீன்', 1983, அந்த நாட்டில் முதலிடம் பிடித்தது. எழுதிய ஜான் ஷூமன் போருக்குப் போனவர் இல்லை. போய்வந்த மைத்துனர் சொன்னதைக் கேட்டு எழுதினார். பயிற்சி முகாமின் பெயர், கப்பல் ஏறியது, ஊர்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும். 1969 ஜூலை 21, ஆஸ்திரேலிய நேரப்படி மனிதன் நிலவில் கால் வைத்த நாள். அன்றுதான் பிராங்கி ஒரு கண்ணிவெடியை மிதிக்கிறான். அன்று கண்ணிவெடி வெடித்தது நிஜம், ஆனால் நிஜத்தில் அதை மிதித்தவர் வேறொருவர். அந்த பிராங்கி காயத்தோடு உயிர் பிழைத்தவர். ஆனால் என்னை அடித்துப்போடுவது வேறொரு இடம். ஊர் திரும்பியவன் டாக்டரைக் கேட்கிறான்: ஏன் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது? வந்து வந்து போகிற இந்தத் தோல் தடிப்பு என்ன? அமெரிக்கா காடுகள் மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு ரசாயனம் தங்கள் உடம்பைக் கெடுத்தது என்று வீரர்கள் கத்திக்கொண்டிருந்த சமயம் அது. கதாநாயகத்தனமும் இல்லை, கோஷமும் இல்லை, புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் இரண்டு கேள்விகள்.

சத்தம் சொல்வதும் வரி சொல்வதும் எதிரெதிராகப் போனால் என்ன ஆகும்? புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யுஎஸ்ஏ' ஆகும். வரிகளில் இருப்பவன் சின்ன ஊரில் அடிபட்டு வளர்ந்தவன், சின்னத் தகராறில் மாட்டி வியட்நாமுக்கு அனுப்பப்பட்டவன், திரும்பி வந்தால் எண்ணெய் ஆலையில் வேலை இல்லை, வியட்நாமின் கே சான் போர்முனையில் சகோதரனை இழந்தவன். 1982 ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்து நாலு டிராக் கேசட் கருவியில் ஸ்பிரிங்ஸ்டீன் தனியாகப் பதிவு செய்த முதல் வடிவம் இருக்கிறது. ஒரு கிட்டார், பேய் பிடித்த மாதிரிக் குரல். அதைக் கேட்டு யாரும் கொடி அசைக்க முடியாது. குழுவோடு பதிவு செய்தபோது ஆறு சுர சிந்தசைசர் முழக்கமும் பீரங்கி மாதிரி டிரம்ஸும் சேர்ந்தன. 1984-இல் அது வெளியானதும் மைதானங்களில் கொடியோடு ஆடினார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 19, நியூஜெர்சியின் ஹாமன்டன் ஊரில் தேர்தல் பேச்சில் அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுகளில் நம்பிக்கை இருக்கிறது என்று புகழ்ந்தார். ஸ்பிரிங்ஸ்டீனுக்குக் கசந்தது. எனக்கு அந்த முழக்க வடிவமும் பிடிக்கும். ஊதப்பட்ட பெருமையும் உள்ளே அழுகிற ஆளும் ஒரே நேரத்தில் கேட்பதுதான் அதன் குரூரம். ஆனால் பாதிப் பேர் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள், தடுக்க முடியாது.

'ஃபார்ச்சுனேட் சன்'னுக்கும் அதேதான் நடந்தது. 2020-இல் டொனால்ட் டிரம்ப்பின் கூட்டங்களில் அதைப் போட்டார்கள். படிப்புக்காக நான்கு முறை, குதிகால் எலும்புக்காக ஒரு முறை ராணுவ அழைப்பைத் தள்ளிவைத்தவர் அவர். ஃபோகர்ட்டி நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார். வேறென்ன செய்ய?

இந்தப் பாட்டுகள் மேல் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. அந்தப் போரில் செத்த அமெரிக்க வீரர்கள் 58,000-க்குச் சற்று மேல். வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில். பாட்டுகளில் அவர்கள் எங்கே? 'மெஷின் கன்'னில் அந்த விவசாயி நிழலாக வருகிறான், வேறெங்கும் எனக்கு அதிகம் தட்டுப்படவில்லை. நம் பையன்கள் சாகிறார்கள் என்பதே அழுகையின் மையம். வியட்நாமியரின் பாட்டைக் கேட்க அந்த நாட்டுப் பாடலாசிரியர் டிரின் காங் சானிடம் போக வேண்டும். ராக் இல்லை, மெல்லிய கிட்டார், கான் லி என்ற பாடகியின் குரல். செத்த பிள்ளையைத் தூங்கச் சொல்லித் தாய் பாடும் தாலாட்டு அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்று. அவருடைய போர்ப் பாட்டுகள் மன உறுதியைக் கெடுக்கின்றன என்று தெற்கு வியட்நாமின் சைகான் அரசு தடை செய்தது. வடக்கு ஜெயித்த பிறகு அவர்களும் அவரைச் சந்தேகத்தோடு பார்த்து உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் வெறுத்த பாட்டு என்றால் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கொள்கை.

வியட்நாமுக்கு வெளியே இந்த வழியில் வந்தவை நிறைய. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் கடைவீதியில், பிரிட்டனை எதிர்த்த அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகளில் மூன்று வயதும் பன்னிரண்டு வயதுமான இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். கிரான்பெரீஸ் குழுவின் டோலோரஸ் ஓ'ரியார்டன் அதற்காக எழுதிய 'ஸோம்பி'யை இன்று அயர்லாந்து ரக்பி ரசிகர்கள் மைதானத்தில் பாடுகிறார்கள். அது சரியா என்று அங்கே ஒரு சண்டையே நடந்தது. ரஷ்யாவில் டிடிடி குழுவின் யூரி ஷெவ்சுக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் 'சுடாதே' என்று பாடியவர், 2022 மே மாதம் தன் ஊரான உஃபாவின் மேடையில் உக்ரைன் போரை எதிர்த்துப் பேசி 50,000 ரூபிள் அபராதம் கட்டினார். நாற்பது வருஷம், அதே ஆள், அதே பேச்சு.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்றால், 'ஒஹையோ'வை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றே நிமிஷம். அப்புறம் ரெட்கம், வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஸ்பிரிங்ஸ்டீனின் வீட்டுப் பதிவு 1998-இல் 'டிராக்ஸ்' தொகுப்பில் வந்தது, அதைக் கேட்டுவிட்டு உடனே முழக்க வடிவத்தைப் போடுங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும். 'மெஷின் கன்' மட்டும் 'பேண்ட் ஆஃப் ஜிப்ஸீஸ்' ஆல்பத்தில் இருக்கிற வடிவமாகவே இருக்கட்டும், போன் ஸ்பீக்கரில் வேண்டாம், நல்ல ஹெட்போனில்.